முன்பாரம், பின்பாரம்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நம் சங்க மலரில் எழுதும்போது பெரும்பாலும் நயாகரா அருவியைப் பற்றியும் சுதந்திர தேவி சிலையைப் பற்றியும் எழுதுகிறார்கள். அவற்றை நானும் பார்த்தேன். ஆனால் ரயில்வேயில் 34 வருடம் வண்டிகளின் அடியில் குனிந்து பார்த்தே காலம் கழித்தவனுக்கு மனத்தில் நின்றது வேறொன்று. என் மகனும் மருமகளும் பேரனும் நாங்கள் இருவரும் ஒரு வீட்டையே வண்டிக்குப் பின்னால் கட்டி, டெக்சாஸ் மாநிலத்தில் போக வர 1,200 கிலோமீட்டர் இழுத்துச் சென்றோம். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரு தவறையும், அதன் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைப் பார்க்கப் போகவிருக்கும் அன்பர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

இழுத்துச் செல்லும் வீடு

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புக்கு வந்து நிற்கும் நடிகர்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். அதற்கு எஞ்சின் உண்டு, தானே ஓடும். நான் சொல்வது எஞ்சின் இல்லாதது. அமெரிக்காவில் இதை டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். இரண்டு அச்சு, நான்கு சக்கரம், அதன் மேல் ஒரு நீண்ட பெட்டி. உள்ளே கட்டில், சமையல் மேடை, எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. முன்பக்கம் முக்கோணமாகக் குவிந்து நீளும் இரும்புச் சட்டத்தின் நுனியில் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு கொக்கி. இழுக்கும் வண்டியின் பின்னால் இரும்பு உருண்டை. கிண்ணம் உருண்டையின் மேல் அமர்ந்து பூட்டிக்கொள்ளும். எங்கள் உருண்டையின் குறுக்களவு இரண்டே கால் அங்குலத்துக்குச் சற்று மேல். அந்த உருண்டை ஒன்றுதான் மூன்று டன் வீட்டை இழுக்கிறது.

மோட்டார் கார் பரவியதோடு சேர்ந்து 1920களிலும் 1930களிலும் இந்தப் பழக்கம் அங்கே வளர்ந்தது. வாலி பயம் என்பவர் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936-இல் அலுமினியத் தகட்டால் ஆன 'கிளிப்பர்' என்ற டிரெய்லரை வெளியிட்டது. வெள்ளிச் செம்பைப் படுக்க வைத்தாற்போன்ற அந்த உருவத்தை இன்றும் சாலைகளில் பார்க்கலாம். இந்தியானா மாநிலத்து எல்கார்ட் என்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும் இத்தொழிலுக்குப் பேர்போனவை. நமக்குச் சிவகாசி எப்படியோ அப்படி.

இழுப்பதற்கு வேண்டியது பிக்-அப் டிரக். முன்னால் கார் போல ஐந்து பேர் அமரலாம்; பின்னால் திறந்த தொட்டி. என் மகனிடம் இருப்பது 'அரை டன்' வகை. அரை டன் என்பது பழங்காலத்துப் பெயர். அக்காலத்தில் அவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. இன்றைய வண்டிகள் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

இழுக்கும் சக்தி வேறு, தாங்கும் சக்தி வேறு

"நாலு டன்னுக்கு மேலயே இழுக்கும்ப்பா. நம்ம டிரெய்லர் மூணு டன்கூட இல்ல" என்றான் மகன். நான் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தேன். கதவு நிலையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். எங்கள் வண்டியில் அது 744 கிலோ. (அங்கே எல்லாம் பவுண்டுக் கணக்கு; வாசகர்களுக்காகக் கிலோவில் தருகிறேன்.)

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. ஒரு பங்கு உருண்டையின் வழியாக டிரக்கின் முதுகில் உட்காருகிறது. இதை 'நாக்கு எடை' என்கிறார்கள். முன்னால் நீண்டிருக்கும் சட்டத்துக்கு நாக்கு என்று பெயர். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு நாக்கில் இருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் விதி. 2,825 கிலோ டிரெய்லருக்கு 327 கிலோ நாக்கு எடை என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஐவரின் எடை 304 கிலோ. இணைப்புச் சாதனம் 36 கிலோ. ஆக 667. சீட்டில் உள்ள 744-இல் மிச்சம் 77 கிலோதான். டிரக்கின் தொட்டியில் இரண்டு பெட்டிகளும் நாலு நாற்காலிகளும் வைத்தால் தீர்ந்தது. நாலு டன் இழுக்கும் எஞ்சின் இருந்தும், முதுகு அதற்கு முன்பே நிறைந்துவிடுகிறது. டிரெய்லர் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்த்து வாங்கிவிட்டு, இந்தச் சீட்டைப் பார்க்காமல் விடுகிறார்கள்.

முதுகில் இவ்வளவு பாரம் இறங்கினால் டிரக்கின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் தூக்கும். முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடி தளரும். விளக்கு வானத்தைப் பார்க்கும். இதைச் சரிசெய்ய, உருண்டைக்கு இருபுறமும் உறுதியான எஃகு விற்களை மாட்டிச் சங்கிலியால் இறுக்குகிறார்கள். அந்த விற்கள் முதுகில் இறங்கிய எடையில் ஒரு பகுதியை டிரக்கின் முன்னச்சுக்கும், ஒரு பகுதியை டிரெய்லரின் அச்சுகளுக்கும் பகிர்ந்து அனுப்பும். 36 கிலோ சாதனம் என்றேனே, அது இதுதான். ஆனால் அது எடையைப் பகிருமே தவிர, தப்பாக ஏற்றிய பாரத்தைச் சரியாக்காது. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பூட்டும் முறை

நான் மத்திய ரயில்வேயில் டி.எக்ஸ்.ஆர். ஆக, அதாவது புறப்படும் வண்டிகளைப் பரிசோதிப்பவனாக, கல்யாண் யார்டில் பல வருடம் இருந்தவன். ஆகவே மகன் டிரெய்லரைப் பூட்டியபோது ஒவ்வொன்றையும் அருகில் நின்று பார்த்தேன்.

முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருக்க வேண்டும். கிண்ணம் உருண்டையில் இறங்கியதும் தாழ்ப்பாளைப் போட்டு அதற்கு ஊசியும் செருக வேண்டும். பிறகு, முன்னால் உள்ள ஜாக்கியால் நாக்கைச் சற்றே தூக்கிப் பார்க்க வேண்டும். டிரக்கின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு சரி. கிண்ணம் மட்டும் எழுந்தால் அது உருண்டைமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து இரண்டு சங்கிலிகள். இவற்றை நாக்கின் அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டுகிறார்கள். உருண்டை கழன்றாலும் நாக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

பின்னர் ஏழு முனை கொண்ட மின்இணைப்பு. டிரெய்லரின் விளக்குகளும் பிரேக்கும் இதன் வழியாகத்தான் வேலை செய்கின்றன. டிரெய்லரின் பிரேக்கில் மின்காந்தம் இருக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் மின்சாரம் போய், காந்தம் சுழலும் டிரம்மோடு ஒட்டி இழுபட்டு, கட்டைகளை விரிக்கிறது. எவ்வளவு அழுத்தம் என்பதை ஓட்டுநர் முன்னால் உள்ள சிறு பெட்டியில் கூட்டிக் குறைக்கலாம். அதே பெட்டியில் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் போட ஒரு நெம்பும் உண்டு. அந்த நெம்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு மெல்லிய கம்பிக் கயிறு. டிரெய்லர் முழுவதுமாகப் பிரிந்து போனால் இந்தக் கயிறு ஓர் ஊசியை உருவும்; உடனே டிரெய்லரிலேயே இருக்கும் பாட்டரி அதன் பிரேக்கைப் போட்டுவிடும். இதைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். நம் ரயிலிலும் வண்டி இரண்டாகப் பிரிந்தால் பிரேக் குழாய் அறுந்து இரு பாதிகளும் தாமாக நின்றுவிடும் அல்லவா? தத்துவம் ஒன்றேதான்.

இவ்வளவையும் கவனமாகப் பார்த்த நான், பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. ஏனென்றால் பின்பக்கத்தில் சாமான் வைத்தவன் நானே.

சாலையில் நடந்தது

2023 அக்டோபரில் டல்லாஸுக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டோம். போக வேண்டிய இடம், டெக்சாஸின் வடமேற்கு மூலையில் அமரில்லோ நகரத்துக்கு அருகிலுள்ள பாலோ டூரோ பள்ளத்தாக்கு. 287-ஆம் எண் நெடுஞ்சாலை விச்சிட்டா ஃபால்ஸ், சில்ட்ரெஸ் ஊர்களின் வழியாகப் போகிறது. கண்ணுக்கெட்டிய வரை சமவெளி; காற்றைத் தடுக்க ஒரு தோப்பு கிடையாது.

முதல் நாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு நானும் என் மனைவியும் எங்கள் பங்குச் சாமான்களை ஏற்றினோம். பொன்னி அரிசி இரண்டு பை, கிரைண்டர், குக்கர், புளி, பருப்பு, எண்ணெய் டின், இரண்டு பெட்டி குடிதண்ணீர், பேரனின் சைக்கிள். எல்லாம் சேர்த்து நூறு கிலோ இருக்கும். பின்கட்டிலுக்கு அடியில் வசதியாக இடம் இருந்தது, அங்கேயே அடுக்கினோம். போதாததற்கு, போகிற இடத்தில் தண்ணீருக்குத் திண்டாட வேண்டாம் என்று தோட்டத்துக் குழாயைச் செருகி டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி வைத்தேன். 150 லிட்டர். அந்தத் தொட்டியும் அச்சுகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது. மகனிடம் சொல்லவில்லை. உதவி செய்ததாக நினைப்பு.

விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டிய பிறகு பக்கவாட்டுக் காற்று பலமாக அடித்தது. மகன் மணிக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போய்க்கொண்டிருந்தான். சாலை லேசாக இறங்கியது. அப்போது ஒரு பெரிய சரக்கு லாரி எங்களை முந்தியது. பெரிய வண்டி முந்தும்போது அதன் முன்னால் தள்ளப்படும் காற்று முதலில் டிரெய்லரை வெளியே தள்ளும். பிறகு பக்கத்தில் உள்ள வெற்றிடம் உள்ளே இழுக்கும். அந்தத் தள்ளலில் எங்கள் டிரெய்லரின் வால் ஒருபுறம் போயிற்று. திரும்பி வந்து மறுபுறம் அதைவிட அதிகமாகப் போயிற்று. மூன்றாவது முறை டிரக்கின் பின்புறத்தையே இழுத்து ஆட்டியது. கண்ணாடியில் எங்கள் வீடு ஒரு தடவை இடப்புறமும் ஒரு தடவை வலப்புறமும் தெரிந்தது. என் மனைவி பேரனின் தலையை மடியில் அழுத்திக்கொண்டாள். யாரும் சத்தம் போடவில்லை.

மகன் பிரேக்கைத் தொடவில்லை. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தான். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, நான் மேலே சொன்ன நெம்பை மட்டும் கையால் அழுத்தினான். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்தது. யாரோ பின்னாலிருந்து கயிற்றை இழுத்துப் பிடித்தாற்போல வீடு நேரானது. சில விநாடிகள்தான். ஓரம் கட்டி நிறுத்திய பிறகும் என் கை நடுக்கம் நிற்கவில்லை.

அவன் இறங்கிப் பின்கதவைத் திறந்து பார்த்தான். கிரைண்டரையும் அரிசிப் பைகளையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "தண்ணியும் ரொப்பிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஏன் ஆடியது?

கும்பகோணத்துப் பக்கம் எங்கள் கிராமத்தில், களத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றும்போது வண்டிக்காரர் சொல்லுவார்: "பின்பாரம் ஏத்தாதே, மாட்டுக் கழுத்தைத் தூக்கும்." முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். ஆகவே சற்றே முன்பாரமாக ஏற்றுவதுதான் முறை. யார்டில் ஒருபுறம் சாய்ந்த வாகனைக் கண்டால் சிவப்பு அட்டை போட்டு நிறுத்தியவன் நான். அப்படிப்பட்ட எனக்கு, வீடு மாதிரி இருப்பதைப் பார்த்ததும் அதுவும் ஒரு வண்டிதான் என்பது மறந்துவிட்டது.

டிரெய்லர் உருண்டையைச் சுற்றி இடம் வலமாகத் திரும்பக்கூடியது. கனம் அச்சுக்கு முன்னால் இருந்தால், ஒருபுறம் தள்ளப்பட்ட டிரெய்லர் இழுப்பின் திசைக்கே திரும்பி வரும். கனம் பின்னால் போய்விட்டால் அது வாலில் கட்டிய கல் மாதிரி. ஒருமுறை ஆடத் தொடங்கினால் அந்தக் கல்லின் வேகமே அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். வண்டியின் வேகம் கூடக் கூட ஆட்டம் அடங்குவது கடினம். ஆகவே முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது. டிரக்கின் பிரேக்கை மிதித்தால் முன்வண்டி குறுகி நிற்க, பின்வண்டி வேகமாக வந்து தள்ளும். இரண்டும் மடக்குக் கத்தி போல மடங்கிவிடும். டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடித்தால் அது பின்னுக்கு இழுத்து நேராகும். அந்த நெம்பை எங்கே என்று தேடாமல் கை போய்ச் சேரும்படி பழகிக்கொள்ள வேண்டும் என்று மகன் சொன்னான். வண்டி வாங்கிய புதிதில் காலி மைதானத்தில் அதைப் பழகினானாம்.

எடை மேடை சொன்னது

மெதுவாக ஓட்டிப்போய் லாரிகள் நிற்கும் ஒரு பெரிய நிறுத்தத்தில் நுழைந்தோம். அங்கே லாரி எடை மேடை இருக்கிறது. முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியே எடை போட்டுச் சீட்டுத் தருகிறார்கள். செலவு அதிகமில்லை, நாம் ஒரு வேளை வெளியில் சாப்பிடுவதைவிடக் குறைவு. எடைபகிரும் விற்களைத் தளர்த்திவிட்டு ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும் ஒருமுறை எடை போட்டோம். இரண்டு முறையும் ஐவரும் உள்ளேயே இருந்தோம். இரண்டாவது சீட்டைக் காட்டிலும் முதல் சீட்டில் டிரக்கின் இரண்டு அச்சுகளும் எவ்வளவு அதிகம் காட்டுகின்றனவோ, அதுவே நாக்கு எடை.

டிரெய்லரின் மொத்த எடை 2,975 கிலோ. நாக்கு எடை 218 கிலோ. அதாவது நூற்றுக்கு 7 சொச்சம். குறைந்தது 297 இருந்திருக்க வேண்டும்.

தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து 150 லிட்டர் நல்ல தண்ணீரையும் வடித்தோம். அரிசி, கிரைண்டர் எல்லாவற்றையும் பின்கட்டிலிலிருந்து எடுத்து, சக்கரங்களுக்கு நேர் மேலே தரையில் வைத்துக் கட்டினோம். முழுவதையும் முன்னறையில் தள்ளியிருந்தால் நாக்கு எடை அளவுக்கு மேல் ஏறி டிரக்கின் முதுகு நிறைந்திருக்கும்; அதனால் நடுவில் வைத்தோம். மறுபடி எடை போட்டபோது மொத்தம் 2,825, நாக்கில் 327. நூற்றுக்கு பதினொன்றரை. மேலே கணக்குக்கு நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவைதான். அதன் பிறகு மணிக்கு 95 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அதே காற்று, அதே லாரிகள், வீடு ஆடவில்லை.

இறக்கமும் பின்னோட்டமும்

பாலோ டூரோவின் உள்ளே இறங்கும் சாலை பத்துக்கு ஒன்று என்ற சரிவு. கர்ஜத்திலிருந்து லோனாவாலா ஏறும் நம் போர் காட் பாதையின் சரிவு 37-க்கு ஒன்று. அதற்கே ரயிலுக்குப் பின்னால் தள்ளு எஞ்சின் பூட்டுகிறார்கள். பத்துக்கு ஒன்றில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். ஆகவே மேலேயே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியரில் போட்டு, எஞ்சினைக் கொண்டே வண்டியைத் தடுத்து, இடையிடையே மட்டும் பிரேக்கை அழுத்தி இறங்கினோம்.

முகாமில் டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்துவது ஒரு தனி வித்தை. முன்வண்டியை இடப்புறம் திருப்பினால் பின்வண்டி வலப்புறம் போகும். எளிய வழி, ஸ்டியரிங்கின் அடிப்புறத்தில் கையை வைத்துக்கொள்வது. டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும். நான் பின்னால் நின்று ரயில்வே கார்டு போலக் கைகாட்டினேன். எங்கள் ஒப்பந்தம் ஒன்றே: கண்ணாடியில் நான் தெரியாவிட்டால் அவன் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும்.

பராமரிப்பு

திரும்பி வந்த பிறகு இரண்டு வாரம் மகனோடு சேர்ந்து டிரெய்லரைப் பராமரித்தேன். குறைந்தபட்சம் அதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அங்குள்ளவர்கள் செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டயர்: டிரெய்லருக்கென்று தனி வகை டயர் உண்டு. டிரெய்லர் வருடத்தில் பல மாதம் நின்றே கிடப்பதால் டயர் தேய்வதற்கு முன் வயதாகிப் போகிறது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுகிறார்கள். காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிப்பதுதான் டிரெய்லர்களுக்கு அடிக்கடி வரும் ஆபத்து.

சக்கரம்: சக்கரம் மாற்றினால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். பேரிங்குகளை வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்குப் போடுவதும் இதற்குத்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் இறங்கிப் புறங்கையை நான்கு சக்கர நடுவங்களின் அருகிலும் கொண்டுபோய்ப் பார்ப்பேன். யார்டில் சூடான அச்சைக் கண்டுபிடித்த அதே முறை. நான்கும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ கெட்டிருக்கிறது.

கூரை: டிரெய்லரை அழிப்பது சாலை அல்ல, மழை. கூரையில் காற்றுப் போக்கி, குழாய், சன்னல் எல்லாவற்றின் ஓரத்திலும் பசை பூசியிருப்பார்கள். வெயிலில் அது வெடிக்கும். தலைமயிர் அளவு விரிசல் போதும். நீர் சுவருக்குள் இறங்கி உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை உளுக்கச் செய்துவிடும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு ஓரத்தையும் பார்த்து, தேவையான இடத்தில் பசை பூச வேண்டும்.

தண்ணீர்: மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீர் ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒன்று, கழிவறை ஒன்று. பின்னிரண்டையும் அதற்கென்று உள்ள இடத்தில்தான் காலி செய்யலாம். கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு குளியல் தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். வாளி வாளியாக மொண்டு குளிக்கும் பழக்கம் இங்கே நடக்காது.

குளிர்: தண்ணீர் உறைந்தால் விரிந்து குழாயைப் பிளக்கும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய கடுங்குளிரில் பல வீடுகளிலேயே குழாய்கள் வெடித்தன. என் மகனின் டிரெய்லரிலும் தண்ணீர் பம்பு பிளந்துவிட்டதாம். அதுமுதல் குளிர்காலம் வருமுன் எல்லாத் தண்ணீரையும் வடித்துவிட்டு, இதற்கென்றே விற்கும் இளஞ்சிவப்பு நிற உறையாத் திரவத்தைக் குழாய்களில் ஓட விடுகிறான். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் திரவத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அது விஷம்.

எரிவாயு: கசிவு வந்தால் அலறும் கருவியை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். சமையல் நேரத்தில் கூரைப் போக்கியைத் திறந்துவைக்க வேண்டும். தாளிக்கிற நமக்கு இது இன்னும் அவசியம்.

முடிவாக

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நாம் வெறுங்கையோடு போவதில்லை. அரிசியும் அப்பளமும் ஊறுகாயும் இல்லாமல் நமக்குப் பயணமே இல்லை. அவற்றைக் கொண்டுபோக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாலோ டூரோவில் சிவந்த பாறைகளுக்கு நடுவே அந்தக் கிரைண்டரில் அரைத்த மாவில்தான் தோசை வார்த்தோம். பேரன் ஐந்து சாப்பிட்டான். ஆனால் வண்டி அவர்களுடையது, அதை ஓட்டுகிறவர்கள் அவர்கள். எதை எங்கே வைக்கலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். இங்கிருந்து ஊருக்குக் காரில் போகும்போது கூரைமேல் மூட்டை கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

திரும்பிய நாளன்று மகன் டிரெய்லரின் பின்கதவின் உட்புறத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டினான். பேரனுக்குத் தமிழ் எழுத்துப் பழக்கம் வரட்டும் என்று அவனையே எழுதச் சொன்னான். கோணல்மாணலான எழுத்தில் அதில் இருப்பது இவ்வளவுதான்: "தாத்தா, பின்பாரம் வேண்டாம்."